கால்வாய்க்குப் பெயர் கொடுத்தவரின் படம்

(ராயபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ராஜாக்களின் உருவப்படங்களைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் எழும்பூர் மியூசியத்தில் கூட்டம் போடுவதுதான் வழக்கம். கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற இந்தச் சாலையோரம் அதைப் பேசுவானேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. நான் பேச வந்திருக்கிற ஆசாமியின் பெயரை நீங்கள் ஒவ்வொருவரும் வாரத்தில் நாலு தடவையாவது சொல்கிறீர்கள். கொசு அதிகமானால் சொல்கிறீர்கள், மழைக்கு முன் தூர்வாரவில்லை என்று திட்டும்போது சொல்கிறீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை கறுத்துப்போனபோது ஊரே சொன்னது. பக்கிங்காம். நம்மைப் பொறுத்தவரை அது ஒரு கால்வாய். ஆனால் அந்தப் பெயரில் ரத்தமும் சதையுமாக ஒரு மனிதர் இருந்தார். 1878-ல் அவரை நிற்க வைத்து ஆளுயரப் படம் வரைந்தவர் ரவிவர்மா.

யார் இந்த பக்கிங்காம் டியூக்? 1823-ல் பிறந்தவர். 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண கவர்னர். இவருக்குக் குடும்பப் பெயரே ஐந்து: டெம்பிள், நியூஜென்ட், பிரிட்ஜஸ், சாண்டோஸ், கிரென்வில். பெரும்பாலானவை கல்யாணத்தில் வந்த சொத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. அந்தக் குடும்பத்துக்கு ஸ்டோ என்ற ஊரில் அரண்மனை மாதிரி ஒரு மாளிகை. சுவரெல்லாம் முன்னோர்களின் எண்ணெய் வண்ணப் படங்கள். இவருடைய அப்பா, இரண்டாவது டியூக், கடன் வாங்குவதில் நம் ஆற்காட்டு நவாபுக்கு அண்ணன். கடன் பத்து லட்சம் பவுனைத் தாண்டியது. 1848-ல் கடன்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாற்காலி, வெள்ளித் தட்டு, ஒயின் புட்டி, பளிங்குச் சிலை, தாத்தா பாட்டி படங்கள் எல்லாம் ஏலத்துக்குப் போயின. 40 நாள் நடந்தது அந்த ஏலம். லண்டனிலிருந்து வேடிக்கை பார்க்க ஜனங்கள் திரண்டார்கள்.

அந்த ஏலத்தில் போன படங்களில் ஒன்று ஷேக்ஸ்பியருடையது என்று நம்பப்படுகிற முகம். காதில் வளையம் போட்ட, சற்றே வழுக்கை விழுந்த மனிதர். நம் பாடப் புத்தகங்களிலும் பார்த்திருப்பீர்கள். இந்தக் குடும்பத்திடம் இருந்ததால் அதற்கு இன்றுவரை சாண்டோஸ் படம் என்றே பெயர். 355 கினிக்கு எல்ஸ்மியர் பிரபு எடுத்தார். 1856-ல் லண்டனில் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் தொடங்கியபோது அதை அன்பளிப்பாகக் கொடுத்தார். அந்த அருங்காட்சியகத்தின் முதலாம் எண் படம் அதுதான். அதே 1856-ல்தான் நம் ராயபுரம் ஸ்டேஷன் திறந்தது. சம்பந்தமில்லை, இருந்தாலும் இந்த ஊரில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஏலம் நடந்தபோது மகனுக்கு 25 வயது. மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் சேர்மனாக 1853-லிருந்து 1861 வரை வேலை பார்த்தார். டியூக் வீட்டுப் பிள்ளை ரயில் கம்பெனியில் கணக்குப் பார்ப்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை. பிறகு மந்திரி ஆனார், பிறகு நமக்கு கவர்னராக வந்தார். ஆக, ரவிவர்மாவுக்கு எதிரே போய் நின்ற டியூக், குடும்பப் படங்கள் சுத்தியல் சத்தத்தில் கைமாறியதைத் தெரிந்தவர். உருவப்படத்தின் கௌரவம் எவ்வளவு நாள் தாங்கும் என்று அவரைவிட நன்றாக அறிந்த பிரபு இந்த மாகாணத்துக்கு வந்ததில்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரபுக்களின் படம் என்றால் அதிகாரத்தின் அறிவிப்பு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நான் பார்த்தவரையில் அது பெரும்பாலும் ஒரு மனு. நான் இன்னார், என்னை இன்னாராகவே நடத்துங்கள் என்று யாரிடமோ கேட்பது. அதிகாரம் கையில் முழுதாக இருக்கிறவனுக்கு இந்த மனு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. கைவிட்டுப் போகிறபோதுதான் படத்தில் முத்துமாலை கூடுகிறது.

முதல் உதாரணம் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. ஓவியர் டில்லி கெட்டில் 1769-ல் சென்னையில் வந்து இறங்கினார், பின்னால் ஜார்ஜ் வில்லிசன் வந்தார். இருவருக்கும் நவாப் நின்றார். வெள்ளை ஜாமா, முத்துச் சரங்கள், வாள், பின்னால் தூணும் திரைச்சீலையும். அதாவது இங்கிலாந்து ராஜாவை எப்படி வரைவார்களோ அப்படி. படங்கள் லண்டனுக்கும் போயின, ஏனென்றால் நவாப் தயவு தேட வேண்டிய இடம் அங்கேதான் இருந்தது. அவருடைய கடனைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-ல் பாராளுமன்றத்தில் பேசிய பேச்சு பெரும் பேர் பெற்றது. வாலாஜா கண்ணை மூடி ஆறே வருஷம். 1801-ல் கர்நாடகம் கம்பெனியிடம் போய்விட்டது. தூணும் திரைச்சீலையும் படத்தில் இன்றும் கம்பீரமாக இருக்கின்றன.

தஞ்சாவூர் சரபோஜி கொஞ்சம் வேறு மாதிரி. 1799 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது கோட்டையும் மானியமும். அவர் அதைப் புத்தகத்திலும் வைத்தியத்திலும் செலவிட்டார், அது தனிப் பேச்சு. அவருடைய பளிங்குச் சிலையை லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் செய்தார். ஃபிளாக்ஸ்மன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை, ஆகவே ராஜாவின் முகத்தைப் படத்தில் பார்த்துத்தான் உளியைப் பிடித்திருக்க வேண்டும். அந்தச் சிலையில் சரபோஜி கைகூப்பி நிற்கிறார். சொந்த தர்பார் மண்டபத்தில், ராஜா, கைகூப்பி! பக்தி என்று சொல்லலாம், பண்பு என்று சொல்லலாம். கம்பெனி அதிகாரி ஒருவர் உள்ளே வந்து நிமிர்ந்து பார்த்தால் அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இப்போது நம் கடற்கரைக்கு வருகிறேன். 1861-ல் இரும்புப் பாலம் கட்டும்வரை சென்னையில் கப்பல் அணையும் துறை கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், மனிதர்களும் சாமான்களும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைகள் அலை மோதும்போது வளைந்துகொடுக்கும். ஆணி அடித்திருந்தால் பிளந்துவிடும். கெட்டில், வில்லிசன், தாமஸ் ஹிக்கி, ஜார்ஜ் சின்னரி என்று சென்னைக்கு வந்த ஓவியர்கள் அத்தனை பேரும், அவர்களுடைய வண்ணப்பெட்டியும் சுருட்டிய கித்தானும், நம் படகோட்டிகளின் கையில்தான் கரை சேர்ந்திருக்க முடியும்.

சின்னரி 1802-லிருந்து சில வருஷம் இங்கே இருந்தார். 1805-ல் அவர் சென்னையில் வரைந்த ஒரு படத்தைப் பற்றி மட்டும் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். படிக்கட்டில் இரண்டு குழந்தைகள் நிற்கிறார்கள். பையனுக்கு 4 வயது. ஜரிகை வைத்த சிவப்பு ஜாமா, கழுத்தில் பெரிய முத்துக்களால் ஆன இரண்டு சரம், முனை வளைந்த செருப்பு. பக்கத்தில் ஒரு வயது இளைய தங்கை. ஹைதராபாத் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குரிய உடை, உண்மையிலேயே அவர்கள் அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள்தான். தாய் கைருன்னிசா, நிஜாம் அரசின் பெரிய குடும்பத்துப் பெண். தகப்பன் ஜேம்ஸ் அகிலிஸ் கிர்க்பாட்ரிக், அங்கே இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட். படிக்க வைப்பதற்காகக் குழந்தைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப முடிவாகிறது. சென்னையில் கப்பலேறுவதற்கு முன்னால் சின்னரி படம் எழுதினார்.

வீட்டில் அந்தப் பையனை சாஹிப் ஆலம் என்றும் பெண்ணை சாஹிப் பேகம் என்றும் கூப்பிட்டார்கள். கப்பல் கிளம்பிய சில வாரங்களில் தகப்பன் கல்கத்தாவில் இறந்துபோனார். லண்டனில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. அவன் வில்லியம் ஜார்ஜ், அவள் கேத்தரின் அரோரா. தாய் அவர்களை மறுபடி பார்க்கவே இல்லை. அந்தச் சிவப்பு ஜாமாவைப் போட்டுக்கொள்ளும் உரிமையுள்ள சாஹிப் ஆலம் என்ற ஆள் உலகத்தில் இல்லாமல் போய்விட்டான். கித்தானில் மட்டும் இருக்கிறான். அந்தஸ்தைக் காட்ட எழுதிய எத்தனையோ படங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தஸ்து கழன்று விழப்போகிற கடைசி நாட்களில் எழுதியது என்று தெரிந்து பார்க்கிறபோது மனசைப் பிசைகிற படம் இது ஒன்றுதான். அந்தக் குழந்தைகளைத் தூக்கிப் படகில் வைத்த கைகளும் இந்தக் கரையைச் சேர்ந்தவைதான்.

சரி, ரவிவர்மாவுக்கு வருவோம். பிறந்தது 1848-ல், கிளிமானூரில். ஸ்டோ ஏலம் நடந்த அதே வருஷம் என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். பதினாலு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வருகிறார். எண்ணெய் வண்ணம் அப்போது யாரும் எளிதில் சொல்லிக்கொடுக்கிற வித்தை இல்லை. மதுரையிலிருந்து வந்த ராமசாமி நாயுடு அரண்மனை ஓவியர், அவர் சொல்லித்தர மறுத்தார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ஆசானுக்குத் தெரியாமல் கொஞ்சம் காட்டிக்கொடுத்தார். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவை வரைய வந்தபோது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள மட்டும் அனுமதி கிடைத்தது. பார்த்தே பிடித்துக்கொண்டார்.

அவர் பிடித்துக்கொண்டது என்ன என்று அறிய எழும்பூர் மியூசியத்தில் இருக்கும் அவர் படங்களுக்கு எதிரே போய் நில்லுங்கள். நம் தஞ்சாவூர் ஓவியத்தில் நகை வேண்டுமென்றால் சுண்ணாம்பும் கோந்தும் குழைத்து மேடாக்கி, மேலே தங்க ரேக்கு ஒட்டி, கல் பதிப்பார்கள். தங்கத்துக்குத் தங்கம். ரவிவர்மாவின் படத்தில் பொட்டுத் தங்கம் கிடையாது. இரண்டடி தூரத்தில் ஜரிகை என்று நீங்கள் நினைத்தது மஞ்சள் திட்டும் பழுப்புக் கீற்றும் நடுவே தடித்த வெள்ளைப் புள்ளியுமாகப் பிரிந்துவிடும். ஆறடி பின்வாங்குங்கள், பட்டுக் கரை கனமாகத் தொங்கும். முத்து ஒவ்வொன்றிலும் ஜன்னல் வெளிச்சம் நிற்கும். ராஜாக்கள் மயங்கியது இதில்தான். கஜானாவில் இல்லாத தங்கத்தைக்கூடத் தூரிகையால் வரவழைக்க முடிந்தது.

1873-ல் சென்னையில் நடந்த நுண்கலைக் கண்காட்சியில் கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்துக்கு அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1876-ல் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலையை அனுப்பினார். அதை வாங்கியவர் நம் டியூக். ஸ்டோவில் படங்களை இழந்த குடும்பத்தின் மகன், சென்னையில் படம் வாங்க ஆரம்பிக்கிறார்! இரண்டு வருஷம் கழித்துத் தன்னையே வரையச் சொன்னார், அரசினர் மாளிகைக்காக. அதுவரை கவர்னர்களை வரைவது வெள்ளைக்கார ஓவியர்களின் பிழைப்பாக இருந்தது. ஒரு கவர்னர் இந்தியருக்கு முன்னால் அசையாமல் நின்றதே சேதி. ரவிவர்மாவும் கூலிக்கு எழுதுகிற ஆள் இல்லை, அவர் மனைவியின் சகோதரி திருவிதாங்கூர் ராணி. ஒரு பிரபு இன்னொரு பிரபுவை வரைந்தார் என்றும் சொல்லலாம். கௌரவம் இரண்டு பக்கமும் ஓடியது.

ரவிவர்மாவின் இன்னொரு படம், 1880 வாக்கில் திருவிதாங்கூரில் மகாராஜா டியூக்கை வரவேற்கிற காட்சி. தர்பார் சம்பிரதாயம் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு அது சாட்சி. யார் எத்தனை அடி முன்னால் வந்து கைகொடுப்பது, யார் வலப்பக்கம் உட்காருவது, எத்தனை பீரங்கி முழங்குவது என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. திருவிதாங்கூருக்கு 19 குண்டு. புதுக்கோட்டைத் தொண்டைமானுக்கு அதைவிடக் குறைவு. ராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன்களுக்கு ஒன்றுகூடக் கிடையாது, பரம்பரை எவ்வளவு பழையதானாலும். மார்பில் குறுக்கே போகும் வெளிர் நீல நாடாவைப் பார்த்தால் அது 1861-ல் தொடங்கிய இந்திய நட்சத்திர விருது என்று அடையாளம் தெரிந்துவிடும். அரசரின் உடம்பே ஒரு சம்பளப் பட்டியல் மாதிரி ஆகிவிட்டது. எந்தப் பதக்கம், எந்தத் தேதி, யார் கொடுத்தது என்று படித்துக்கொண்டே போகலாம்.

இதன் உச்சம் 1877 ஜனவரி 1. விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க டெல்லியில் தர்பார். ஒவ்வொரு சமஸ்தானத்துக்கும் ஒரு பட்டுக் கொடி, அதில் ஐரோப்பியப் பாணியில் ஒரு குலச்சின்னம். அதுவரை அப்படியொரு சின்னமே இல்லாத குடும்பங்களுக்கும் ராபர்ட் டெய்லர் என்ற அதிகாரி உட்கார்ந்து தயாரித்துக் கொடுத்தார். தர்பாரைப் பெரிய படமாக எழுத வேல் பிரின்செப் என்ற ஓவியர் சமஸ்தானம் சமஸ்தானமாகச் சுற்றி ராஜாக்களை உட்காரவைத்துக் குறிப்பெடுத்தார். நம் டியூக்கும் டெல்லி போயிருந்தார்.

அந்த வாரம் சென்னை மாகாணம் எப்படி இருந்தது? தாது வருஷப் பஞ்சம். 1876-ல் மழை பொய்த்து, 1878 வரை நீண்டது. செத்தவர்கள் தென்னிந்தியா முழுவதும் அரை கோடிக்கு மேல் என்பது பரவலான மதிப்பீடு. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு 1877 ஜனவரியில் நிர்ணயித்த டெம்பிள் கூலி (இந்த டெம்பிள் நம் டியூக் இல்லை, வேறொருவர்), ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு சிறு காசும். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம், அதற்கு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் தாங்காது என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார், சில மாதங்களில் கூலி உயர்ந்தது. அப்படி வெட்டிய மண்ணில் ஒரு பகுதிதான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய். எண்ணூர் வரை போகிற நம் பகுதி அதற்கெல்லாம் முன்பே, 1800-களின் தொடக்கத்தில் கொக்ரேன் என்பவர் வெட்டியது. கொக்ரேன் பேசின் சாலை என்று அவர் பெயரையும் நாம்தான் சுமக்கிறோம். இரண்டையும் சேர்த்து முழு நீளத்துக்கும் டியூக்கின் பெயர் வந்தது. பசியில் இங்கே ஓடிவந்தவர்களுக்கு மணியக்காரர் சத்திரம் இருந்தது. 1782 பஞ்சத்தில் தொடங்கிய அந்தச் சத்திரத்திலிருந்து முளைத்ததுதான் ஸ்டான்லி. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்கிறீர்கள்.

அதே காலத்தில் இந்த மாகாணத்தில் வேறொருவரும் உருவப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். வில்லோபி வாலஸ் ஹூப்பர், சென்னைக் குதிரைப்படை அதிகாரி. பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக ஆனவர்களை வரிசையாக உட்கார வைத்து, சிலரைப் பின்னால் நிற்க வைத்து எடுத்தார். ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுப்பார்களே, அதே அடுக்கு. கண்ணாடித் தகட்டில் எடுக்கிற காலம், சில விநாடி அசையக் கூடாது. அவர்கள் அசையவில்லை. இந்தப் படங்களைப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். எந்த முகத்துக்கும் பெயர் இல்லை. 1878-ல் அசையாமல் நின்ற டியூக்குக்கு ஐந்து குடும்பப் பெயர்.

ஹூப்பர் இதற்கு முன்பே பழகிய கை. 1868-க்கும் 1875-க்கும் இடையில் எட்டுத் தொகுதியாக வந்த ‘இந்திய மக்கள்’ என்ற அரசாங்க ஆல்பத்துக்கு அவரும் படம் கொடுத்திருக்கிறார். அதில் மனிதனுக்குச் சாதிதான் பெயர். அதற்கும் முன்னால் தஞ்சாவூர், திருச்சி ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்குக் கட்டுக்கட்டாக விற்ற படங்களும் அப்படித்தான், திருச்சியில் அப்பிரகத் தகட்டில்கூட எழுதினார்கள். ஆணும் பெண்ணும் ஜோடியாக, கையில் தொழில் கருவி. நெசவாளி கையில் நூல், மீனவன் தோளில் துடுப்பு. கீழே ஒரு வரி, அது சாதி. வாலாஜாவுக்கு வாள் எப்படியோ மீனவனுக்குத் துடுப்பு அப்படி. அடையாளம் காட்டுகிற சாமான் இருவருக்கும் உண்டு. நவாப் தன் சாமானைத் தானே தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் ஹிக்கிக்கு அநியாயம் செய்தவனாவேன். 1816-ல் அவர் கர்னல் காலின் மெக்கன்சியை வரைந்தார். சிவப்புக் கோட்டோடு நடுவில் துரை. சுற்றிலும் அவரிடம் வேலை செய்த மூன்று இந்தியர்கள்: ஏட்டுச் சுவடியோடு சமண பண்டிதர் தர்மையா, காவலி லட்சுமையா, தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு கிஸ்னாஜி. கிஸ்னாஜி ஒரு பியூன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் வண்ணத்தில் எழுதப்பட்டு, பெயரும் தப்பிப் பிழைத்த பியூன் இன்னொருவரை நான் கண்டதில்லை.

வடசென்னைப் பணக்காரர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பீர்கள். துபாஷிகள், துணி ஏற்றுமதிக்காரர்கள், கப்பல் சரக்குக்காரர்கள் எல்லோரும் ஜார்ஜ் டவுனிலும் வண்ணாரப்பேட்டையிலும்தான் இருந்தார்கள். இவர்கள் வேறு வழியில் பெயரை எழுதினார்கள். டைம்ஸ் கம்பெனியின் துபாஷியாக இருந்த சவலை ராமசாமி முதலியார் சென்ட்ரல் எதிரில் சத்திரம் கட்டினார், ராயபுரத்தில் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுத்தார். ராஜா பட்டமும் வந்தது, சர் பட்டமும் வந்தது. ஆர்.எஸ்.ஆர்.எம். என்ற நாலு எழுத்தில் முதல் இரண்டும் அந்தப் பட்டங்கள்தான். இந்த அரங்கில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்களாக இருப்பீர்கள். ஆளுயரப் படத்தைவிட ஆஸ்பத்திரி நல்ல முதலீடு என்பது என் அபிப்பிராயம். வியாபாரி அல்லவா, கணக்குத் தெரியும்.

பட்டம் என்றதும் ரவிவர்மாவின் பட்டமும் ஞாபகம் வருகிறது. 1904-ல் அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அறிவித்த காகிதத்தில் ராஜா ரவிவர்மா என்று போட்டுவிட்டார்கள். ராஜராஜ வர்மா என்பது அவருடைய தாய்மாமனின் பெயர். மருமக்கள் வழியில் பெயருக்கு முன்னால் மாமன் பெயர் ஒட்டுவது உண்டு. அரசாங்கம் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டதா, ஓவியரும் தடுக்காமல் விட்டாரா என்று இன்றும் சர்ச்சை. திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு மனக்கசப்பு. இந்த நாட்டில் ஒரே ஒருவர் ராஜாக்களை வரைந்து வரைந்து தானும் ராஜா ஆனார். டியூக் அதைப் பார்க்க இல்லை. 1889-லேயே இறந்துவிட்டார். மூன்று பெண்கள், ஆண் வாரிசு இல்லை, பக்கிங்காம் டியூக் பட்டம் அவரோடு முடிந்தது.

கடைசியாக ஒன்று. அந்தஸ்தின் இந்தப் படங்கள் நம் வீட்டுக்குள் வரவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். திவானாக இருந்த சர் டி. மாதவராவ் 1884-ல் ரவிவர்மாவுக்குக் கடிதம் எழுதினார்: படங்களுக்கு இவ்வளவு கிராக்கி, இரண்டு கையால் எழுதி முடியாது, ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடிக்கலாமே என்பது யோசனை. பத்து வருஷம் கழித்து ரவிவர்மா பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் அச்சாகி வந்தார்கள். லட்சுமி நிற்கும் நிலையைக் கவனியுங்கள். நேராக நம்மைப் பார்த்து நிற்கிறாள், பட்டுப் புடவையின் மடிப்பு ஒவ்வொன்றும் கனக்கிறது, நகையில் வெளிச்சம் துள்ளுகிறது. ராணிகளை வரைந்து பழகிய கை அம்மனை வரைந்தால் அம்மன் ராணியாகத்தான் நிற்பாள். அந்த ராணி சில அணாவுக்குக் கிடைத்தாள். கோயில் கருவறைக்குள் நுழைய விடப்படாத ஜனங்களும் அவளைச் சுவரில் மாட்டிக் கற்பூரம் காட்டினார்கள். சிவகாசிக் காலண்டர் அந்த அச்சுப் படங்களின் வாரிசு. ஆண்டர்சன் தெருவில் புது வருஷக் காலண்டர் எடுக்கப் போகிறவர்கள் லட்சுமியின் கழுத்தில் எத்தனை சரம் என்று எண்ணிப் பாருங்கள், ஜரிகையைக் கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பாருங்கள்.

கேள்வி கேட்க இருபது நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். பின்வரிசையில் கை தூக்கியிருக்கிற அம்மா முதலில் கேட்கட்டும்.